பெரிய எஸ்யூவியில் டோயிங் கண்ணாடி மாட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் டாஹோ, சபர்பன், யூகான் போன்ற பெரிய எஸ்யூவி வைத்திருக்கும் நம்மவர்கள் பலர் இப்போது, உள்ளே தங்கிப் பயணிக்கும் ஆர்வி டிரெய்லர் வாங்குகிறார்கள். டிரெய்லரை மாட்டும் பந்து, பிரேக் கன்ட்ரோலர், எடை எல்லாவற்றையும் அக்கறையாக விசாரிக்கிறார்கள். டிரெய்லரைத் தாண்டிப் பின்னால் பார்க்க வெளியே நீளும் பக்கக் கண்ணாடியான டோயிங் கண்ணாடியைப் பற்றிக் கேட்பது முதல் பயணம் முடிந்து, பயந்து திரும்பிய பிறகுதான். என்னிடம் திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களை, கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். 2007 முதல் 2014 வரையிலான செவ்ரலே, ஜிஎம்சி எஸ்யூவிகளை எடுத்துக்காட்டாக வைத்துச் சொல்கிறேன். மற்ற வண்டிகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

என் வண்டியே பெரியது, அதன் கண்ணாடியும் பெரியது. இதைவிடப் பெரியது எதற்கு?

அளவைப் பார்த்தால் உடனே புரியும். டாஹோவின் உடல் அகலம் சுமார் 79 அங்குலம். ஆர்வி டிரெய்லர்கள் பெரும்பாலும் 96 அங்குலம், அதாவது 8 அடி அகலம் கொண்டவை; 102 அங்குல அகலத்திலும் வருகின்றன. அப்படியானால் வண்டியின் ஒவ்வொரு பக்கத்திலும் டிரெய்லர் எட்டரை முதல் பதினொன்றரை அங்குலம் வரை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது.

டிரெய்லரின் பக்கச் சுவரை ஒட்டிப் பின்னால் பார்க்க வேண்டுமானால், கண்ணாடியின் ஒரு பகுதியாவது அந்தச் சுவரைத் தாண்டி வெளியே இருக்க வேண்டும். தொழிற்சாலைக் கண்ணாடி எவ்வளவு அகலமாக இருந்தாலும் அது கதவை ஒட்டியே நின்றால் அதில் தெரிவது டிரெய்லரின் முன்சுவர்தான். பரப்பு பெரிதாக இருப்பதால் மட்டும் பயனில்லை. கண்ணாடி எவ்வளவு தூரம் வெளியே நீள்கிறது என்பதே முக்கியம்.

எல்லா டிரெய்லருக்கும் இது தேவையா?

தேவையில்லை. தாழ்வான திறந்த டிரெய்லர், சிறிய படகு, புல்வெட்டி ஏற்றும் தட்டு ஆகியவற்றின் மேலாகவே பின்னால் பார்த்துவிடலாம். வண்டியைவிட அகலம் குறைந்த பெட்டி டிரெய்லருக்கும் இருக்கும் கண்ணாடியே போதும்.

ஒரு டேப்பை எடுத்து, இடது கண்ணாடியின் வெளி விளிம்பிலிருந்து வலது கண்ணாடியின் வெளி விளிம்பு வரை அளந்துகொள்ளுங்கள். அந்த அளவு டிரெய்லரின் அகலத்தைவிட ஒவ்வொரு பக்கமும் ஒரு கையகலமாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. அதற்குக் குறைந்தால் மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள். டிரெய்லர் வாங்கும் முன்பே அளப்பது இன்னும் நல்லது.

சட்டம் கட்டாயப்படுத்துகிறதா?

டோயிங் கண்ணாடி என்ற பெயரைச் சட்டம் சொல்வதில்லை. எவ்வளவு தூரம் தெரிய வேண்டும் என்றுதான் சொல்கிறது. டெக்சஸ் சட்டப்படி, இழுத்துச் செல்லும் வண்டி உட்பட எந்த வண்டியிலும் பின்னால் குறைந்தது 200 அடி சாலை கண்ணாடியில் தெரிய வேண்டும். கலிஃபோர்னியா சட்டம் இன்னும் தெளிவானது. இழுக்கப்படும் வண்டி பின்பார்வையை மறைத்தால், இடம் வலம் இரண்டு பக்கமும் கண்ணாடி இருக்க வேண்டும், இரண்டிலும் 200 அடி தெரிய வேண்டும் என்கிறது. 200 அடி என்றால் ஏறத்தாழ 61 மீட்டர். 8 அடி அகல டிரெய்லரை மாட்டிவிட்டுத் தொழிற்சாலைக் கண்ணாடியில் இதை நிறைவேற்றுவது கடினம். மற்ற மாநிலங்களில் இருப்பவர்கள் தங்கள் மாநில விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

போலீஸ் நிறுத்துவாரா என்பது எனக்கு இரண்டாவது கேள்விதான். நெடுஞ்சாலையில் தடம் மாறும்போது பக்கத்துத் தடத்தில் ஒரு மோட்டார்சைக்கிள் வருவது உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். அது தெரியாமல் ஒருவர் டிரெய்லர் இழுப்பதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியாது.

இருக்கும் கண்ணாடியின் மேல் மாட்டிக் கழற்றும் வகை 50 டாலருக்குக் கிடைக்கிறதே, அது போதாதா?

வருடத்துக்கு ஓரிரு முறை, அதுவும் அருகிலுள்ள பூங்காவுக்குப் போகிறவருக்கு அது போதும். அதிலும் இரண்டு வகை உண்டு. உங்கள் வண்டியின் கண்ணாடிக் கூட்டுக்கென்றே வார்க்கப்பட்டு, அதன் மேல் உறைபோல ஏறி உட்காரும் வகை ஓரளவு உறுதியாக நிற்கும். பட்டை கட்டி எல்லா வண்டிக்கும் பொருத்தும் பொதுவகை, வேகம் ஏற ஏற அதிரும். எதிரே பெரிய லாரி கடந்தால் காற்றின் அடியில் திரும்பியும் விடும். அதிரும் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டியின் தூரத்தைக் கணிக்க முடியாது.

நீண்ட தூரம் போகிறவர், மலைப்பாதையில் ஏறுகிறவர், இரவில் ஓட்டுகிறவர் நிலையான கண்ணாடிக்கு மாறிவிடுவதே சரி.

சில்வராடோ பிக்கப்பின் டோயிங் கண்ணாடி என் டாஹோவில் அப்படியே பொருந்தும் என்கிறார்களே, உண்மையா?

நான் சொன்ன ஆண்டுகளுக்கு உண்மைதான். 2007 முதல் 2014 வரையிலான டாஹோ, சபர்பன், யூகான் ஆகியவை அதே தலைமுறைச் சில்வராடோ, சியாரா பிக்கப்புகளின் (1500 மாடலில் 2007-இன் புதிய வடிவம் முதல் 2013 வரை) அடித்தளத்தில் கட்டப்பட்டவை. கதவில் கண்ணாடி உட்காரும் இடமும் மூன்று போல்ட்களின் அமைப்பும் ஒன்றே. அதனால் துளை போடவோ வெட்டவோ வேண்டியதில்லை.

பொருந்துவது வேறு, வேலை செய்வது வேறு. இரும்பு பொருந்தினாலும் மின்கம்பி பொருந்தாமல் போகலாம்; அதைக் கீழே சொல்கிறேன். பிக்கப்பின் கண்ணாடி எஸ்யூவிக்கு வரும் என்று வேறு நிறுவன வண்டிகளுக்கும் கண்மூடிக் கணக்குப் போடாதீர்கள். உங்கள் மாடல், ஆண்டு இரண்டையும் பெயர் சொல்லி விற்கும் கண்ணாடியை மட்டும் வாங்குங்கள்.

புதிய வெளிநிறுவனத் தயாரிப்பை வாங்குவதா, பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் யார்டில் கழற்றிய அசலை வாங்குவதா?

என் ஓட்டு அசலுக்குத்தான். வெளிநிறுவனத் தயாரிப்புகள் ஒரு ஜோடி 150 முதல் 300 டாலர் விலையில் கிடைக்கின்றன, பார்வைக்கும் பளபளப்பாக இருக்கின்றன. ஆனால் நீண்டு சுருங்கும் இரட்டைக் கையில் தளர்வு இருந்தால் கண்ணாடி நடுங்கும். வாங்கும் இடத்தில் தெரியாத இந்தக் குறை 65 மைல் வேகத்தில் தெரியவரும். தொழிற்சாலையிலிருந்து பிக்கப்பில் வந்த கண்ணாடியின் கை பெரும்பாலும் இறுக்கமாகவே இருக்கும்.

யார்டில் வாங்கும்போது கையை முழுதும் நீட்டி, கூட்டைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். உள்ளே கடகடவென்று சத்தம் கேட்டால் விட்டுவிடுங்கள். கம்பியை வெட்டி எடுத்ததை வாங்காதீர்கள். கனெக்டர் முழுதாக இருக்க வேண்டும். அடியில் ஒட்டியிருக்கும் நுரைப்பட்டை கிழியாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். மழைநீர் கதவுக்குள் இறங்காமல் காப்பது அதுதான்.

இன்னொரு எச்சரிக்கை: ஓட்டுநர் பக்கத்தின் பிரதான கண்ணாடி சமதள ஆடியாக, அதாவது வளைவில்லாத கண்ணாடித் தகடாக இருக்க வேண்டும். அமெரிக்காவின் வாகனப் பாதுகாப்பு விதி எண் 111 அதைத்தான் கேட்கிறது. வேறு நாட்டுச் சந்தைக்குச் செய்த மலிவான கண்ணாடிகள் இணையத்தில் கலந்து கிடக்கின்றன. விற்பனைக் குறிப்பை முழுதாகப் படியுங்கள்.

என் கண்ணாடியில் சூடேற்றி இருக்கிறது, தானே மடங்குகிறது, இருக்கையோடு சேர்ந்து நினைவில் வைத்த இடத்துக்கு வருகிறது. இவையெல்லாம் போய்விடுமா?

நீங்கள் வாங்கும் கண்ணாடியில் இல்லாதது எல்லாம் போய்விடும். வாங்கும் முன் ஒரு காகிதத்தில் உங்கள் இப்போதைய கண்ணாடி செய்யும் வேலைகளை எழுதிக்கொள்ளுங்கள். மின்விசையில் திரும்புவது, சூடாவது, மடங்குவது, பின்னால் வரும் வெளிச்சத்துக்குத் தானே மங்குவது, இண்டிகேட்டர், காலடி விளக்கு, நினைவு இடம் என்று வரிசையாக எழுதி, விற்பவரின் குறிப்போடு ஒப்பிடுங்கள்.

திரும்புவதும் சூடாவதும் டோயிங் கண்ணாடிகளில் பரவலாகக் கிடைப்பவை. பின்பக்கக் கண்ணாடிப் பனிநீக்கிப் பொத்தானை அழுத்தினால் பக்கக் கண்ணாடியும் சூடாகும். நினைவு இடத்துக்கு, ஆடி எங்கே நிற்கிறது என்று சொல்லும் உணரி உள்ளே இருக்க வேண்டும்; வெளிநிறுவனக் கண்ணாடிகள் பலவற்றில் அது இருப்பதில்லை. தானே மடங்கும் வசதியும் பல டோயிங் கண்ணாடிகளில் கிடையாது, கையால்தான் மடக்க வேண்டும். பின்னோக்கிப் போகும்போது வலது கண்ணாடி தானே கீழே குனிவதும் நினைவு அமைப்போடு சேர்ந்தது, அதுவும் நின்றுவிடலாம்.

எனக்கு இவற்றில் விட முடியாதது சூடேற்றி ஒன்றுதான். மிச்சிகன் குளிரிலோ டெக்சஸ் மழையிலோ ஆடி மூடிக்கொண்டால், எத்தனை அங்குலம் நீட்டினாலும் பயனில்லை.

கனெக்டர் பொருந்துகிறது. ஆனால் இண்டிகேட்டர் மட்டும் எரியவில்லை. கண்ணாடி பழுதா?

பெரும்பாலும் பழுது இல்லை. உங்கள் வண்டியின் பழைய கண்ணாடியில் இண்டிகேட்டர் இல்லாதிருந்தால், கதவுக்குள் அந்தக் கம்பியே வந்திருக்காது. கனெக்டரில் அதற்கான குழி காலியாக இருக்கும். பழைய கனெக்டரையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, எத்தனை குழிகளில் உலோக முனை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். விடை அங்கேயே கிடைக்கும்.

வேண்டுமென்றால் வண்டிக்குள்ளிருக்கும் இண்டிகேட்டர் கம்பியிலிருந்து ஒரு கிளை எடுத்து, கதவுக்கும் உடலுக்கும் நடுவிலுள்ள ரப்பர் குழாய் வழியாகக் கொண்டுவரலாம். கம்பியின் நிறத்தை நம்பாமல் மீட்டர் வைத்து உறுதிசெய்த பிறகே கிளை எடுங்கள். மின்வேலை பழக்கமில்லாதவர்கள் இந்த ஒரு வேலையைக் கார் ஆடியோ பொருத்தும் கடையில் கொடுத்துவிடலாம். கண்ணாடியில் இண்டிகேட்டர் எரியாததால் டிரெய்லர் இழுப்பதில் எந்தக் குறையும் வராது. வண்டியின் முன்னும் டிரெய்லரின் பின்னும் எரியும் விளக்குகளே சட்டம் கேட்பவை.

நானே மாட்டலாமா? என்னென்ன கருவி வேண்டும்?

ராட்செட், 7 மற்றும் 10 மி.மீ. சாக்கெட், சிறிய நீட்டிப்பு, பேனலைக் கீறாமல் நெம்பும் பிளாஸ்டிக் கருவி, ஒரு பழைய துணி. இவை இருந்தால், பொறுமையுள்ள யாரும் ஒரு மதியத்தில் முடித்துவிடலாம். கூடவே ஒரு ஆள் இருந்தால் இன்னும் நல்லது.

முதலில் கதவின் ஜன்னலை முழுதும் ஏற்றிவிடுங்கள், ஏனென்றால் பேனல் கழன்ற பிறகு ஜன்னல் பொத்தான் வேலை செய்யாது. பிறகு பேட்டரியின் மைனஸ் முனைக் கம்பியைக் கழற்றுங்கள். கதவுக்குள் ஏர்பேக்குக்கான மோதல் உணரி உள்ள வண்டிகளில், கனெக்டர் கழன்றிருக்கும்போது சாவியைத் திருப்பினால் எச்சரிக்கை விளக்கு எரிந்துவிடும். அதனால்தான் இந்த முன்னெச்சரிக்கை.

கண்ணாடிக்கு நேர் உள்ளே இருக்கும் முக்கோண மூடியை நெம்பி எடுங்கள். கைப்பிடிக் குழியிலும் திறக்கும் பிடியின் பின்னாலும் சிறு மூடிகளுக்குள் திருகுகள் ஒளிந்திருக்கும். இந்த வண்டிகளில் அவை பெரும்பாலும் 7 மி.மீ. தலையுள்ளவை. உயர்ரக மாடல்களில் இடம் மாறும், அதற்கு அந்த ஆண்டின் பழுதுபார்ப்புக் கையேட்டைப் பாருங்கள். எல்லாம் கழன்றபின் பேனலை வெளியே இழுக்காமல் மேல்நோக்கித் தூக்குங்கள். வரவில்லை என்றால் இன்னும் ஒரு திருகு மிச்சமிருக்கிறது என்று பொருள். பலத்தைக் காட்டினால் கிளிப்தான் உடையும். பேனலைத் தொங்கவிடாமல் பிடித்துக்கொண்டு கனெக்டர்களைப் பிரியுங்கள். பிரிக்கும் முன் கைபேசியில் ஒரு படம் எடுத்துவைத்தால் திரும்ப மாட்டும்போது குழப்பம் வராது.

இப்போது மூன்று 10 மி.மீ. நட்டுகள் தெரியும். கடைசி நட்டைக் கழற்றும்போது வெளியே ஒருவர் கண்ணாடியைத் தாங்கிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் கதவின் பெயின்ட் போய்விடும். புதியதை வைத்து, மூன்று நட்டையும் முதலில் விரலால் ஏற்றி, பிறகு மாறிமாறி இறுக்குங்கள். இவை சிறிய போல்ட்கள். சக்கர நட்டை இறுக்குவதுபோல் இறுக்கினால் மரை போய்விடும். பேனலைத் திரும்ப மாட்டும் முன்பே எல்லாக் கனெக்டர்களையும் இணைத்து, பேட்டரியையும் இணைத்து, ஆடி நான்கு திசையும் திரும்புகிறதா என்று பார்த்துவிடுங்கள். ஒருதொடுதலில் இறங்கும் ஜன்னல் அந்த வசதியை மறந்திருந்தால், முழுதும் ஏற்றிச் சில நொடி பொத்தானைப் பிடித்திருந்தால் சில வண்டிகளில் சரியாகிவிடும்.

நட்டு கதவுக்குள் விழுந்துவிட்டது. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று மூடிவிடாதீர்கள். அது அடியிலுள்ள நீர்வடி துளையை அடைக்கலாம், கதவை மூடும் ஒவ்வொரு முறையும் சத்தமும் போடும். நீளக் கம்பியில் காந்தம் வைத்த கருவி சில டாலருக்குக் கிடைக்கும், அதால் எடுத்துவிடலாம். இது நடக்காமல் இருக்கத்தான் மேலே பழைய துணியைச் சேர்த்தேன்: நட்டைக் கழற்றும் முன் கீழேயுள்ள திறப்பில் துணியைத் திணித்துவிடுங்கள்.

மாட்டிய பிறகு காற்றுச் சத்தம் அதிகமாகிவிட்டது. தவறாக மாட்டிவிட்டேனா?

கொஞ்சம் சத்தம் கூடுவது இயல்பு, ஏனென்றால் காற்றை எதிர்க்கும் பரப்பு கூடிவிட்டது. ஆனால் விசில்போல மெல்லிய சத்தம் வந்தால் அடியிலுள்ள நுரைப்பட்டை மடிந்திருக்கலாம். நட்டுகளைத் தளர்த்தி, பட்டையைச் சமமாக வைத்து மீண்டும் இறுக்குங்கள். மழைக்குப் பிறகு கதவுப் பேனலின் அடியில் ஈரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். காரணம் அதே பட்டைதான்.

மாட்டிவிட்டேன். இப்போது எப்படித் திருப்பி வைப்பது?

டிரெய்லரை மாட்டி, சமதளத்தில், வண்டியும் டிரெய்லரும் ஒரே நேர்கோட்டில் நிற்கும்போது செய்யுங்கள். முதலில் இருக்கையைச் சரிசெய்துகொள்ளுங்கள், ஏனென்றால் கண்ணின் இடம் மாறினால் எல்லாம் மாறும். கைகளை முழுதும் நீட்டுங்கள். மேலேயுள்ள பெரிய ஆடியின் உள்விளிம்பில் டிரெய்லரின் பக்கச் சுவர் மெல்லிய கோடாகத் தெரிய வேண்டும். சுவர் ஆடியில் பாதியை நிரப்பினால் இடத்தை வீணாக்குகிறீர்கள்; சுவரே தெரியாவிட்டால் டிரெய்லர் எங்கே முடிகிறது என்று உங்களுக்குத் தெரியாது. மேல்கீழாகப் பார்த்தால் அடிவானம் ஆடியின் நடுவுக்குச் சற்று மேலே வரட்டும்.

கீழேயுள்ள சிறிய ஆடி, நடுப்பகுதி வெளியே புடைத்த குவி ஆடி. பல மாடல்களில் அதைக் கையால்தான் திருப்ப வேண்டும். டிரெய்லரின் சக்கரமும் அதை ஒட்டிய தரையும் அதில் தெரிய வேண்டும். பெட்ரோல் நிலையத்தில் திரும்பும்போது டிரெய்லரின் சக்கரம் உங்கள் சக்கரத்தைவிட உள்ளே வெட்டி வரும். மேடைக் கல்லில் அது ஏறுமா ஏறாதா என்பதை இந்தச் சின்ன ஆடிதான் காட்டும். அதில் தெரியும் வண்டிகள் உண்மையைவிடத் தொலைவில் இருப்பதுபோல் தோன்றும். தடம் மாறும்போது வண்டி இருக்கிறதா என்று அதில் பாருங்கள், எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை இடது பக்கத்துப் பெரிய ஆடியில் பாருங்கள். வலது பக்கத்துப் பெரிய ஆடியும் குவி ஆடியாக இருந்தால் அதில் எச்சரிக்கை வாசகம் அச்சிட்டிருக்கும். அப்போது இன்னும் கூடுதல் இடைவெளி விடுங்கள்.

தமிழ்நாட்டில் ஓட்டிப் பழகியவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே ஓட்டுநர் வலப்பக்கம், இங்கே இடப்பக்கம். டிரெய்லரோடு வலப்பக்கம் திரும்புவதுதான் இங்கே இறுக்கமான திருப்பம், அதுவும் உங்களுக்குத் தொலைவான கண்ணாடியில் பார்த்துச் செய்ய வேண்டியது. காலி மைதானத்தில் அதை மட்டும் தனியாகப் பழகுங்கள்.

பின்னோக்கிப் போகும்போது எந்தக் கண்ணாடியைப் பார்ப்பது?

இரண்டையும் மாறிமாறிப் பாருங்கள். நேராகப் பின்னோக்கிப் போகும்போது எந்தக் கண்ணாடியில் டிரெய்லர் அதிகமாகத் தெரியத் தொடங்குகிறதோ, அந்தப் பக்கமே ஸ்டீயரிங்கைச் சிறிது திருப்புங்கள்; டிரெய்லர் நேராகிவிடும். முந்தைய பதிலில் சொன்ன மெல்லிய கோடு இரண்டு பக்கமும் ஒரே அகலத்தில் இருந்தால் நேராகப் போகிறீர்கள் என்று பொருள். கோடு விரிந்தவுடன் கொஞ்சமாகத் திருத்துங்கள், நிறைய விரிந்த பிறகு திருத்த முயன்றால் வண்டியும் டிரெய்லரும் ஒன்றையொன்று நோக்கி மடங்கிக்கொள்ளும். அந்த நிலையில் முன்னே இழுத்து நேராக்குவதுதான் ஒரே வழி. டிரெய்லருக்கு நேர் பின்னால் இருப்பது எந்தப் பக்கக் கண்ணாடியிலும் தெரியாது. இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், அல்லது ஒருவரைப் பின்னால் நிறுத்துங்கள். அவர் உங்கள் கண்ணாடியில் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். தெரியாமல் போன கணமே வண்டியை நிறுத்துங்கள்.

டிரெய்லரின் பின்னால் கேமரா வைத்திருக்கிறேன். அப்போதும் கண்ணாடி வேண்டுமா?

வேண்டும். கேமரா நேர் பின்னால் இருப்பதைக் காட்டுகிறது, கண்ணாடி பக்கத்தைக் காட்டுகிறது. ஒன்றின் வேலையை மற்றது செய்யாது. கேமராவில் சேறு படியலாம், சிக்னல் விடலாம். இரண்டும் இருந்தால் மிக நல்லது. ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் கண்ணாடியை வாங்குங்கள்.

டிரெய்லர் இல்லாதபோதும் நீட்டியே வைக்கலாமா?

வேண்டாம், சுருக்கிவிடுங்கள். நீட்டிய கண்ணாடி குறுகிய தெருவில் எதிரே வருபவருக்கு இடைஞ்சல், நடைபாதையில் நிற்பவருக்கு ஆபத்து. கராஜ் கதவு 8 அடி அகலம் என்றால் சுருக்கிய நிலையிலும் அளந்து பார்த்த பிறகே நுழையுங்கள்; இரண்டு கண்ணாடியையும் மடக்க வேண்டியிருக்கலாம். தானியங்கிக் கார் கழுவுமிடத்துக்குப் போகும் முன் கட்டாயம் மடக்குங்கள்.

என் வண்டி 2021-க்குப் பிறகு வந்தது. கண்ணாடிக்கு அடியில் கேமரா, ஆடியில் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எல்லாம் இருக்கிறது. இதிலும் மாற்றலாமா?

இதில் நான் அவசரப்பட மாட்டேன். சுற்றுப்புறக் காட்சி தரும் வண்டிகளில் பக்கக் கண்ணாடியின் அடியில் ஒரு கேமரா இருக்கிறது. கண்ணாடியை மாற்றினால் அந்தப் பக்கத்துப் படம் போய்விடும், எச்சரிக்கைச் செய்தியும் திரையில் நிற்கலாம். பக்கத்துத் தடத்தில் வண்டி வந்தால் ஆடியில் எரியும் விளக்கும் புதிய ஆடியில் இருக்க வேண்டும். உணரிகள் பின்பக்கத்தில் இருப்பதால் அவை தொடர்ந்து வேலை செய்யலாம். காட்ட விளக்குதான் இருக்காது. அந்த அமைப்பு டிரெய்லரின் நீளத்தையும் சேர்த்துப் பார்க்கும்படி வடிவமைக்கப்பட்டதா என்பதைக் கையேட்டில் பாருங்கள். அப்படி இல்லையென்றால், டிரெய்லர் மாட்டியிருக்கும்போது அதன் மௌனத்தை நம்பித் தடம் மாறக் கூடாது.

இப்படிப்பட்ட வண்டிக்கு, அதன் கண்ணாடிக் கூட்டுக்கென்றே செய்த, மேலே ஏறி உட்காரும் வகையை முதலில் முயலுங்கள். கேமராவை மறைக்காத வடிவமாகத் தேர்ந்தெடுங்கள். அது போதவில்லை என்றால், உங்கள் வண்டியின் கேமராவையும் விளக்கையும் மாற்றிப் பொருத்தும்படி செய்த முழுக் கண்ணாடி கிடைக்கிறதா என்று தேடுங்கள்.

வாரண்டி போய்விடும் என்று டீலர் சொல்கிறார்.

வெளிநிறுவனப் பாகம் மாட்டியதாலேயே முழு வாரண்டியும் போய்விடாது. 1975-இல் வந்த மேக்னுசன்-மாஸ் சட்டம் அதைத் தடுக்கிறது. ஆனால் நீங்கள் கிளை எடுத்த கம்பியால் கதவின் மின்னமைப்பு பழுதானால், அந்தப் பழுதுக்கு அவர்கள் மறுக்கலாம். அதனால் கனெக்டருக்குக் கனெக்டர் பொருந்தும் கண்ணாடியையே வாங்குங்கள், தொழிற்சாலைக் கம்பியை வெட்டாதீர்கள். கழற்றிய அசல் கண்ணாடிகளைத் துணியில் சுற்றிக் கராஜில் வையுங்கள். குத்தகை வண்டியானால் திருப்பிக் கொடுக்கும்போது அவை தேவைப்படும். சொந்த வண்டியானால் விற்கும்போது வாங்குபவர் கேட்பார்.